பக்கத்து மூச்சு

இரண்டு எட்டுக்கு ஒரு மூச்சு உள்ளே, இரண்டு எட்டுக்கு ஒரு மூச்சு வெளியே. வேதகிரி ஓடக் கற்றுக்கொண்டது இப்படித்தான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மில்லில் தறியின் சத்தத்துக்கு மூச்சை ஒட்டவைத்துக்கொண்ட பழக்கம், வேலை போன பிறகு கால்களுக்கு இறங்கி வந்திருந்தது. கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் வரை மனம் ஒரு மூலையில் சும்மா கிடக்கும். இன்றைக்குக் கணக்கு சேரவில்லை. இவர் உள்ளே என்னும்போது பக்கத்தில் இன்னொரு மூச்சு வெளியே வந்தது. வெளியே என்னும்போது அது பாதியில் அறுந்து, ஒரு விக்கல் மாதிரி நின்று, மறுபடி கிளம்பியது. வலது தோளுக்கு ஒரு முழம் பின்னால் மச்சான் ஜெயவேலு ஓடி வந்துகொண்டிருந்தான். மனைவி அம்சவேணியின் தம்பி. ஐம்பத்தைந்து வயது, தொப்பை, ரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒரு மாத்திரை, காலில் நேற்று வாங்கிய பச்சை நிற ஷூ. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வெளிச்சம் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. காற்று கடலிலிருந்து அடித்தது, ஆனாலும் இவருக்கு உப்பு வாசனை வரவில்லை. வந்ததெல்லாம் ஜெயவேலுவின் வியர்வையில் ஊறியிருந்த நேற்றைய பீர்தான். புளித்த மாவும் ஈரச் சாக்கும் சேர்ந்த வாடை. இதே வாடை ஒரு காலத்தில் தன் பனியனில் இருந்தது, அம்சவேணி அதை மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைப்பாள். இப்போது தன் மேல் அது இல்லை. இல்லை என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? பக்கத்தில்தானே ஓடுகிறான், மூக்கில்லையா அவனுக்கு? இவர் சற்று விலகி ஓடினார். அவனும் விலகி வந்தான். "மாமா, இந்த ஷூ மாமியாராட்டம் கடிக்குது" என்றான் ஜெயவேலு. சொல்லி முடிக்க அவனுக்கு மூன்று மூச்சு பிடித்தது. "பேசாம ஓடு" என்றார் வேதகிரி. "ஓடாதே" என்று சொல்ல வாயைத் திறந்தவருக்கு வந்தது அதுதான்.

ஓடாதே என்று நேற்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னார்தான், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. மொட்டை மாடியில், நான்காவது டம்ளர் காலியானபோது, ஜெயவேலு தொடையைத் தட்டிக்கொண்டு, "நாளைக்கு நானும் வரேன் மாமா" என்றான். "எதுக்கு? வேணாம், பழக்கமில்லாத ஒடம்பு" என்றார் இவர். "என்னா மாமா இது, நீங்க அடிச்ச அளவுதான் நானும் அடிச்சேன். அறுபத்து மூணு வயசுல நீங்க இதையும் அடிச்சிட்டு விடியக்காலம் ஓடுறீங்க. நான் உங்களவிட எட்டு வயசு சின்னவன். நானும் ஒரு மனுசன்தான?" அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது இவர் கையிலிருந்த டம்ளரின் அடியில் நுரையோடு நுரையாக ஒட்டிக்கொண்டிருந்தது. இவர் குனிந்து அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஷூ இல்லாம ஓடக் கூடாது" என்றார். ஜெயவேலு ஒரு பையைத் தூக்கிக் காட்டினான். வாங்கிக்கொண்டே வந்திருந்தான்.

உள்ளே, வெளியே. பழைய கலங்கரை விளக்கம் பின்னால் போயிற்று. டம்ளர் அடியில் இருந்தது பீர் அல்ல. பீர்தான், ஆனால் போதையை நீக்கிய பீர். பொங்கலுக்கு முந்தின வாரம் அது இவர் கையில் அகப்பட்டது தற்செயலாகத்தான். அதற்கும் முன்னால் சில மாதமாகவே ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் கெட்டுப்போயிருந்தது. சனி இரவு குடித்துவிட்டுப் படுத்தால் நடுச்சாமத்தில் விழிப்பு வரும், நெஞ்சு காதுக்குள் அடிக்கும், காலையில் கெண்டைச் சதை கல்லாக இழுத்துப் பிடிக்கும். ஓடுவதா குடிப்பதா என்று யாரும் இவரைக் கேட்கவில்லை. கால்தான் கேட்டது. குறைத்துக்கொள்வோம், பாதியாக்குவோம் என்று நினைத்துக்கொண்டு பெரிய கடையில் ஒரு பீர் டப்பாவை எடுத்து வந்து வரிசையில் நின்றபோது பில் போடுகிற பெண், "ஐயா, இதுல ஆல்கஹால் கெடையாது, பரவால்லையா?" என்று உரக்கக் கேட்டுவிட்டாள். பின்னால் நான்கு பேர். திரும்பப் போய் வைத்துவிட்டு வேறு எடுக்கலாம், அப்படிச் செய்தால் அந்த நான்கு பேருக்கும் தான் தேடி வந்தது எது என்று தெரிந்துவிடும். கூச்சத்தில் தலையாட்டி வாங்கி வந்தார். இவ்வளவுதான் நடந்தது. பெரிய வைராக்கியம் ஒன்றும் இல்லை. வீட்டில் உடைத்தபோது அதே சீறல் கேட்டது, அதே நுரை எழுந்தது. முதல் வாய் நாக்கின் பின்பக்கத்தில் கசந்து, தொண்டையில் குளிர்ந்து இறங்கியது. அப்போது இவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. நன்றாக இருந்தது. ஏமாற்றமாக இல்லை, மருந்து மாதிரி இல்லை. வெயிலில் அலைந்து வந்தவனுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. மறுநாள் காலை கால்கள் அவ்வளவு லேசாக எழுந்தன. அப்புறம் அதில் எலுமிச்சை போட்டது, இஞ்சி போட்டது என்று விதவிதமாக வாங்கிப் பார்த்தார். ஓடி முடித்து, குளித்து, குளிர்ந்த டப்பாவைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு பின்கட்டில் உட்காரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக மனம் ஏங்கத் தொடங்கியது. சந்தோஷத்தில் தப்பு என்ன? தப்பு அதில் இல்லை. தப்பு டம்ளரில்.

சனிக்கிழமை டம்ளர். ஜெயவேலுவின் பெண்டாட்டி கௌசல்யா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். கடைசி மாதங்களில் அவள் அவனிடம் வேறொன்றும் கேட்கவில்லை. குடிக்காதே என்றுகூடக் கேட்கவில்லை, கேட்டால் கேட்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். "தனியா உக்காந்து மட்டும் குடிக்காத. அக்கா வூட்டுக்குப் போ, மாமாகூட உக்காரு. தனியா குடிக்க ஆரம்பிச்சா நீ தனியாவே போய்டுவ" என்றாள். அவன் அவள் கையிலடித்துச் சத்தியம் செய்தபோது இவரும் கட்டிலருகே நின்றிருந்தார். அவன் எத்தனையோ விஷயத்தில் பொய்யன், கடையில் குழாய்ச் சாமான் விற்கும்போது வாய் கூசாமல் பொய் சொல்லுவான். இதில் மட்டும் தவறியதில்லை. வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை, மாமாவோடு. அதற்கு அவனே சில முறைகளும் வைத்துக்கொண்டான். மாமா டம்ளரை எடுக்காமல் அவன் எடுக்கமாட்டான். மாமா டம்ளர் காலியாகாமல் தன்னுடையதை முடிக்கமாட்டான். மாமா இன்னொன்று என்றால் அவனுக்கும் இன்னொன்று. மாமா போதும் என்றால் அவனும் போதும். "தனியா குடிக்கிறவன் குடிகாரன் மாமா. கம்பெனியோட குடிக்கிறவன் குடும்பஸ்தன்." இப்படிப்பட்டவனிடம், "நான் விட்டுட்டேன்" என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சனிக்கிழமை அவன் எங்கே போவான்? அந்த நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தார். நல்ல எண்ணம்தானா? சொல்ல வெட்கமாக இருந்தது என்பதும் இருந்தது. அவன் சிரிப்பான், "என்னா மாமா, சாமியாராய்ட்டீங்களா" என்பான் என்பதும் இருந்தது. எது எவ்வளவு என்று இவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் தனக்கும் மாமாவுக்குமாக வாங்கி வரும் பாட்டில்கள் கீழே ஃபிரிட்ஜில் இருக்கும். பெரியவர் என்ற முறையில் ஊற்றி எடுத்து வருவது இவர் வேலை. அவனுக்கு அவன் பாட்டில். தனக்கு, விளிம்பில் நெளிந்திருக்கும் டம்ளரில், டப்பா. தனக்கென்று அவன் வாங்கி வந்ததைக் குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கவிழ்ப்பார். அம்சவேணி பார்த்துக்கொண்டே நிற்பாள். "அவங்கிட்ட சொல்லுங்க" என்பாள். "நீ சொல்லிடாத." "நான் சொல்லமாட்டேன், நான் சொன்னா உங்க மரியாத போய்டும். நீங்களா சொல்லுங்க. அவன் உங்களப் பாத்துதான் குடிக்கிறான்."

பார்த்துத்தான் குடித்தான். அங்கேதான் கணக்கு தப்பியது. முன்பெல்லாம் இரண்டு டம்ளரோடு எழுந்துவிடுவார்கள், மறுநாள் ஓட்டத்தை நினைத்து இவர் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். இப்போது நிறுத்த என்ன காரணம்? இவருக்கு ஒன்றும் ஆகாது. ருசியாக இருக்கிறது, சித்திரை வெயில், தாகம். மூன்றாவதும் ஊற்றினார். அவனுக்கும் மூன்றாவது. ஆடியில் நான்காவது. இவர் தாகத்துக்கு அவன் குடித்தான். இதை இவர் ஒரு சனிக்கிழமை படியேறும்போது கண்டுகொண்டார், இரண்டு கையிலும் டம்ளரோடு, ஒன்பதாவது படியிலோ பத்தாவதிலோ. கால் நின்றுவிட்டது. மேலேயிருந்து, "மாமா, மாடிக்கு வழி மறந்துடுச்சா?" என்று குரல் வந்தது. ஏறினார். கொடுத்தார். குடித்தார்கள். ஒருமுறை கரண்ட் போன இருட்டில் டம்ளர் மாறிப்போனது. ஜெயவேலு டப்பாவைக் குடித்துவிட்டு, "இன்னைக்கி நல்லா ஏறுது மாமா" என்று நாக்கைச் சப்புக்கொட்டினான். இவருக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒரு யோசனையும் வந்தது. இரண்டு டம்ளரிலும் இதையே ஊற்றிவிட்டால் என்ன? அந்த யோசனையைத் தூக்கிப்போட்டார், அது அவனை ஏமாற்றுவது என்று. அன்று ராத்திரி முழுக்க இவருக்கு அது நியாயமாகப் பட்டது. அப்போது இவர் செய்துகொண்டிருந்ததற்கு என்ன பெயர் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

தெற்குக் கோடியில் திரும்பினார்கள். எதிரே நோயல் சார் கைவீசி நடந்து வந்தார், தினமும் பார்க்கிறவர், ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார். "என்ன வேதகிரி, புது ஜோடியா?" என்றார். ஜெயவேலுவிடம், "இவர்கூட ஓடாதீங்க, மூச்சு வாங்கிடும். ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத ஒடம்பு" என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஜெயவேலுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பும் இருமலும் சேர்ந்து அவனைக் குலுக்கின. "அவருக்கு... நம்ம சங்கதி... தெரியாது மாமா" என்று கண்ணடித்தான். அந்தக் கண்ணடிப்பைப் பார்த்திருக்கக் கூடாது. வேதகிரி பார்த்துவிட்டார். கண்ணைச் சுற்றி முகம் சிவந்திருந்தது, உதட்டோரம் மட்டும் வெளுத்திருந்தது. இந்தப் பக்கத்தாருக்கு இவர் குடிக்காதவர், அந்தப் பக்கத்தானுக்குக் குடிப்பவர். இரண்டு பக்கமும் இவருக்கு மரியாதை, இரண்டு மரியாதையும் வைத்துக்கொண்டு நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறார். உள்ளே, வெளியே. பக்கத்து மூச்சில் இப்போது ஒரு சத்தம் சேர்ந்திருந்தது, பழைய கதவைப் பாதி திறந்தால் வருவது போல. போன மழைக்காலத்தில் இதே சாலையில் ஒருவர் விழுந்தார். நடக்கிறவர், பெயர் தெரியாது. பத்துப் பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போன பிறகு அவருடைய ஒற்றைச் செருப்பு மட்டும் பாறையோரம் கிடந்தது. மறுநாளும் கிடந்தது. யார் எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பச்சை ஷூ. பச்சை ஷூ தரையில் பட்டுப் பட்டு எழுந்தது. லேஸ் சரியாகக் கட்டவில்லை, சுருக்கு பெரிதாக ஆடுகிறது. அதையாவது நிறுத்திக் கட்டச் சொல்லலாமே என்று நினைத்தார். அதைக்கூடச் சொல்லவில்லை.

"மாமா." "என்ன?" "நெஞ்சுல ஒரு பிடிப்பு. வாயுதான். ராத்திரி மசால் கடல தின்னது." "நில்லு." "நீங்க நிக்கலையே." இதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெருமை இருந்தது. மாமா டம்ளரை வைக்காமல் அவன் வைக்கமாட்டான். அது இங்கேயும் ஓடி வந்துவிட்டது. அப்படியானால் வழி எளிது, தான் நின்றால் போதும். வேதகிரி நின்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு முடியல, முட்டி புடிச்சுக்கிச்சு. போதும், உக்காரலாம்" என்றார். வாழ்க்கையில் இந்த முழங்கால் ஒருநாளும் இவரைக் கைவிட்டதில்லை. பொய் அவ்வளவு சுலபமாக, கேட்காமலே, வாயில் வந்து நின்றது. எட்டு மாதப் பழக்கம். ஜெயவேலு இரண்டு எட்டு தள்ளிப் போய்த் திரும்பினான். முகம் மலர்ந்திருந்தது. "நீங்களா மாமா! நீங்க உக்காருங்க. நான் காந்தி சிலை வரைக்கும் போய்ட்டு வரேன். நேத்து சமமா குடிச்சோம், இன்னைக்கி ஓட்டத்துல உங்கள ஜெயிச்சேன்னு அக்காகிட்ட சொல்லணும்." சொல்லிவிட்டு ஓடினான். முன்னைவிட வேகமாக ஓடினான். அவன் முதுகில் சட்டை ஈரமாக ஒட்டியிருந்தது. இடது கை மட்டும் வீசாமல் மார்போடு மடங்கியிருந்தது. வேதகிரி முழங்காலைப் பிடித்தபடியே அதைப் பார்த்தார். நல்ல முழங்கால். அந்தப் பொய்யையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து ஒரு கணம் அப்படியே குனிந்து நின்றார். ஒரு கணம்தான். ஆனால் நின்றார். அதை இவர் பிற்பாடு எவ்வளவு முயன்றும் கழித்துவிட முடியாது.

பிறகு ஓடினார். எண்ணவில்லை. மூச்சு தன்பாட்டுக்கு வந்தது, போயிற்று. காவல்காரரின் சிவப்புத் தொப்பி ஒன்று கடந்தது, யாரோ நாயை இழுத்துப் பிடித்தார்கள், வலது பக்கம் சூரியன் தண்ணீரிலிருந்து பாதி எழுந்திருந்தது. எதுவும் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. அவனை எட்டிப் பிடிக்க இவருக்குச் சிரமமே இல்லை. அதுதான் கொடுமை, கால்கள் அவ்வளவு லேசாக இருந்தன. பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் ஜெயவேலு திரும்பிப் பார்த்து, "முட்டி?" என்றான்.

"முட்டிக்கு ஒண்ணுமில்ல. ஜெயவேலு, நான் குடிக்கிறதில்ல."

"ஓடும்போது... யாரு... குடிப்பா?"

"நேத்து குடிக்கல. போன வாரம் குடிக்கல. பொங்கல்லேர்ந்து ஒரு சொட்டு குடிக்கல. என் டம்ளர்ல இருந்தது வேற. டப்பாவுல வர்றது, போதை கெடையாது அதுல. நாம சமமா குடிக்கல. நீ மட்டும்தான் குடிச்ச. நில்லு, அதனாலதான் நான் ஓடுறேன், நீ நில்லு."

பச்சை ஷூ இன்னும் நான்கைந்து எட்டு வைத்தது. அப்புறம் நடையாயிற்று. அப்புறம் நின்றது. ஜெயவேலு கடலோரச் சுவரில் கையை ஊன்றி, மெல்லத் திரும்பி, அதன் மேல் உட்கார்ந்தான். வேதகிரி அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவன் மூச்சைக் கவனித்தார். அறுந்தது, வந்தது, அறுந்தது, வந்தது. கொஞ்சம் நீண்டு வந்தது. திட்டுவான் என்று எதிர்பார்த்தார். சிரிப்பான் என்றும் எதிர்பார்த்தார், அதற்குத்தானே இத்தனை மாதமும் பயந்தார். இரண்டுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது.

"நான் வாங்கியாந்தது?" என்றான்.

"குழாயடியில ஊத்திட்டேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஜெயவேலு தலையை ஆட்டினான். உள்ளங்கையைத் திருப்பி வைத்துக்கொண்டு அதையே பார்த்தான், வலது கை, கௌசல்யாவின் கையில் அடித்துக்கொடுத்த கை. கடல் பாறையில் மோதித் திரும்பியது. வேதகிரி அவன் வாயிலிருந்து வரப்போவதை வருமுன்னே கேட்டார், எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஓட முடியும். அது ஒன்றுதான் இவரால் நன்றாக முடியும்.

"அப்ப இத்தன நாளா நான் தனியாதான் குடிச்சிருக்கனா மாமா?"

கேள்வியில் கோபம் இல்லை. வழி கேட்கிறவன் கேட்பது போலக் கேட்டான். இவர் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தார், அவன் எதிரே, ஒவ்வொரு சனிக்கிழமையும், டம்ளரோடு டம்ளரை இடித்துக்கொண்டு. உட்காரவில்லை என்று சொல்ல முடியுமா? உட்கார்ந்திருந்தார் என்றுதான் சொல்ல முடியுமா? மில்லில் ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்திவிட வேண்டும், நிறுத்தாமல் ஓட்டினால் துணி நெய்துகொண்டேதான் வரும், பார்க்க முழுசாகவும் இருக்கும். இவர் நிறுத்தாமல் ஓட்டிய தறிக்காரர். வாயைத் திறந்தார். "ஆமா" என்றார். அது போதவில்லை. போதுமானது எதுவும் இவரிடம் இல்லை. "ஆஸ்பத்திரிக்குப் போலாம், எழுந்திரு" என்று கையை நீட்டினார்.

ஜெயவேலு கையைப் பிடிக்காமல் எழுந்தான். குறுக்குத் தெருவை நோக்கி நடந்தான். அவிழ்ந்துபோன லேஸ் தரையில் இழுபட்டது. வேதகிரி முந்திப் போய்க் குனிந்து அதைக் கட்டினார், இரட்டை முடிச்சாக. இவர் கட்டி முடிக்கும் வரை அவன் நின்றான், கடலைப் பார்த்துக்கொண்டு. பிறகு நடந்தான். இவர் ஒரு முழம் பின்னால் நடந்தார். எவ்வளவு மெல்ல நடக்க வேண்டியிருந்ததோ அவ்வளவு மெல்ல. அவன் மூச்சு உள்ளே போகும்போது தானும் உள்ளே இழுத்தார், அது பாதியில் அறுந்தபோது தானும் நிறுத்திக்கொண்டார். மூச்சு முட்டியது. விடாமல் அப்படியே தெருமுனை வரை வந்தார்.

ஆட்டோ ஒன்று நின்றிருந்தது. ஜெயவேலு குனிந்து ஏறினான். நடுவில் உட்கார்ந்தான், நெஞ்சைத் தடவிக்கொண்டான், கண்ணை மூடினான். டிரைவர் திரும்பி, "ஒருத்தரா, ரெண்டு பேரா?" என்றார். வேதகிரி கம்பியைப் பிடித்தபடி தெருவில் நின்றார். கண்ணைத் திறக்காமலே ஜெயவேலு ஓரத்துக்கு நகர்ந்தான்.